களிமண்ணைத் தொட மறுத்த மாணவன்: தொடக்கப் பள்ளிக் கலைச் செயல்திட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளியும் வகுப்பும்

சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஓர் ஊரில், ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்தது இது. காலம் 2024–25 கல்வியாண்டின் முதல் பருவம். முதல் மூன்று வகுப்புகளையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார். நான்கையும் ஐந்தையும் சேர்த்து நான் பார்த்தேன். அதில் 17 பிள்ளைகள். யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகப் பெயர்களையும் சில சிறு விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

தொடக்கப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதனால் வரைவதும் ஒட்டுவதும் செய்வதும் வகுப்பாசிரியரின் பொறுப்பு. நான் பல வருடங்களாக அந்தப் பொறுப்பை நிறைவேற்றிய விதம் இதுதான்: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னை என்று வரைவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். எங்கள் ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் மலை கண்ணுக்குத் தெரியாது. தென்னையைவிடப் பனைதான் அதிகம். ஆனாலும் 17 நோட்டுகளிலும் அந்த மலைதான் இருக்கும்.

செயல்திட்டம் ஏன் வந்தது

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைப் போட்டிகளாக 2022–23இல் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கிய கலைத் திருவிழா, 2024–25இல் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான போட்டிகளில் களிமண் பொம்மை செய்வதும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் களிமண்ணைத் தொட்டதே இல்லை. போட்டிக்கு ஒரு பிள்ளையை மட்டும் தயார் செய்வதற்குப் பதில், வகுப்பு முழுவதும் சேர்ந்து ஊர்க் கண்மாயை மாதிரியாகச் செய்யலாம் என்று நினைத்தேன். ஆறடிப் பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தது. அதன்மேல் கரை, வயலுக்குத் தண்ணீர் விடும் மடைகள், மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், ஐயனார் கோயில், அங்கே நிற்கும் புரவிகள் என்ற மண்குதிரைகள், பனைமரங்கள் எல்லாம் களிமண்ணில் வரும். கூடவே கண்மாயைப் பற்றிப் பிள்ளைகள் வரைந்த படங்களும்.

நான் இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் பின்னால் பிரச்சினையானது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் செய்கிறது. அவன் நன்றாகப் படிப்பான், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் கூட்டத்தில் பேச மாட்டான். மண் வேலை என்றால் அவன் முன்னால் வந்து நிற்பான், மற்ற பிள்ளைகள் அவனிடம் கற்றுக்கொள்வார்கள், அது அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

ஜூலை: கண்மாய்க் கரை

ஜூலை முதல் வாரம் எல்லாரையும் கரைக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் இல்லை, நடுவில் மட்டும் கொஞ்சம் சகதி. இரண்டு மணி நேரம் இருந்தோம். நோட்டு வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் கரும்பலகையில் எதுவும் வரையாமல், தாளை மட்டும் கொடுத்தேன். முதல் கால் மணி நேரம் யாரும் கோடு போடவில்லை. "என்ன வரையணும் டீச்சர்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. சாக்பீஸை எடுத்துவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது. எடுக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். ஒருவன் மடையின் துவாரத்தை மட்டும் தாள் முழுக்க வரைந்தான். கரையில் குப்புறப் படுத்து அதற்குள் எட்டிப் பார்த்தவன் அவன். ஒரு பனைமரத்தில் காய்ந்து தொங்கும் ஓலைகள் எல்லாம் வந்திருந்தன. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்மாயை மேலிருந்து பார்ப்பது போல வட்டமாகப் போட்டு, கரையில் நின்ற மரங்களை நான்கு பக்கமும் வெளியே சாய்ந்து கிடப்பது போல வரைந்திருந்தாள். முன்பாக இருந்தால் "மரம் நேராகத்தானே நிற்கும்?" என்று அழித்து நானே வரைந்து கொடுத்திருப்பேன். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்தவர். இப்படி மடித்து விரித்தது போல வரைவது அந்த வயதில் இயல்பு என்றும், பெரியவர்கள் தங்கள் மாதிரியைக் கொடுத்துத் திருத்துவது குழந்தையின் நம்பிக்கையைக் கெடுக்கும் என்றும் அவர் சொல்வதைப் படித்திருந்தேன். அதனால் அவளிடமே கேட்டேன். "கரையைச் சுத்தி நடந்துக்கிட்டே பாத்தேன்ல டீச்சர்" என்றாள். நடந்துகொண்டே பார்த்தால் ஒவ்வொரு மரமும் அப்படித்தான் எதிரே நிற்கும். அந்தத் தாளில் நான் கை வைக்கவில்லை.

17 தாள்களில் ஒன்றில்கூட மலை இல்லை.

தவறு நடந்த நாள்

ஜூலை நான்காம் வாரம், கண்மாய் மண் சிமெண்டுச் சாக்கில் வந்து இறங்கியது. நனைத்து, ஓரளவு பிசைந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் வராண்டாவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் அந்த மாணவனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "இவன் வீட்டுல தினமும் இதுதான் செய்றாங்க. இன்னைக்கு நமக்கு இவன்தான் வாத்தியார்" என்றேன்.

அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பின்வரிசையில் யாரோ மெதுவாக "சட்டி" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களை அதட்டிவிட்டு, ஒரு உருண்டை மண்ணை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

கூச்சம் என்று நினைத்து நான் மற்றவர்களுடன் வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை, "அண்ணனுக்கு வயித்து வலி" என்றாள்.

அன்று மாலை மற்ற பிள்ளைகளிடம் ஒவ்வொருவராக விசாரித்தேன். "சட்டி" என்பது அவனுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே இருக்கும் பட்டப்பெயர். இரண்டு வருடமாக விளையாட்டுத் திடலில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எல்லார் முன்னாலும், ஆசிரியர் வாயாலேயே, அந்தப் பெயரை நான் உறுதி செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் கேட்டது

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா சக்கரத்தில் இருந்தார். அப்பத்தா திண்ணையில் தட்டுப் பலகையால் பானையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பையன் உள்ளே போய்விட்டான்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்க மேல கோவமில்ல டீச்சர். இவன் மண்ணத் தொடக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். அங்கயும் அவனுக்கு மண்ணையே குடுத்தா நான் என்ன செய்ய?" என்றார்.

அதற்கு முந்தைய வாரம்தான், ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளில், காமராசரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியிருந்தேன். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளி நேரம் நாளுக்கு 3 மணியாகக் குறைந்தது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்து மாநிலம் முழுக்கப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த நானே, ஒரு பிள்ளையை அவன் பிறந்த வீட்டின் தொழிலை வைத்து வகுப்பில் அறிமுகப்படுத்தியிருந்தேன். என் நோக்கம் வேறு என்பது உண்மை. ஆனால் அவன் அப்பாவுக்கும் அவனுக்கும் அது வந்து சேர்ந்த விதம் அதுதான்.

அப்பத்தா சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஐயனாருக்கு மண்குதிரை எடுத்துப்போகும் புரவி எடுப்புத் திருவிழா நடக்கும்போது, கண்மாயிலிருந்து பிடிமண் எடுத்து மரியாதையோடு இவர்களிடம் கொடுத்த பிறகுதான் மண்குதிரை செய்யத் தொடங்குவார்கள். "அன்னைக்கு ஊரே இந்த வாசல்ல வந்து நிக்கும்த்தா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, தட்டுவதைத் தொடர்ந்தார். திருவிழாவில் மதிப்புப் பெறும் அதே வேலை, வகுப்பறையில் கேலிப்பெயராக இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே பிள்ளைகளின் வாயில்.

எடுத்த முடிவுகள்

செயல்திட்டத்தை விட்டுவிடலாம், காகிதத்தில் ஏதாவது செய்யலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். பையனின் நிலைமையை நினைத்துத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் யோசித்தேன். மண்ணை அப்படியே நிறுத்தினால், "அவனாலதான் நின்னுச்சு" என்ற பேச்சு வரும். மண் வேலை வெட்கப்பட வேண்டியது என்று மற்ற பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் தொடர்வது என்று முடிவு செய்தேன்.

அவன் திரும்பி வந்த அன்று, மதிய உணவுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து பேசினேன். மண்ணைத் தொட வேண்டாம், வேறு என்ன வேலை செய்ய விருப்பம் என்று கேட்டேன். பதில் அடுத்த நாள்தான் வந்தது: "அளவு எடுக்கறேன் டீச்சர்."

கேலி செய்த மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். வகுப்பில் பொதுவாக அறிவுரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லார் கண்ணும் மறுபடி அவன் மேல்தான் போகும். மூவரில் ஒருவன் அழுதான்; அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருப்பது அப்போது தெரிந்தது.

மண் வேலை கற்றுத்தரப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மூத்த கைவினைஞரை அழைத்தோம். பையனின் அப்பாவையே அழைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். செலவும் மிச்சம். ஆனால் அது மறுபடி அவனைச் சுட்டிக்காட்டும். வந்தவருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் பணம் கொடுத்தோம். தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டோம். பிள்ளைகள் அவரை "ஐயா" என்றும் "சார்" என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

ஆகஸ்டு: வேலை நடந்த விதம்

நான் பிசைந்து வைத்திருந்த மண் வேலைக்கு ஆகாது என்று அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். கல்லும் வேரும் அதில் அப்படியே இருந்தன. காயவைத்து, இடித்து, சலித்து, ஊறவைத்து, கொஞ்சம் மணல் சேர்த்து, காலால் மிதிக்க வேண்டும். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக ஏறி மிதித்தார்கள். பதம் பார்க்க, மண்ணை விரல் கனத்துக்கு உருட்டி வளைத்துக் காட்டினார். விரிசல் விட்டால் இன்னும் மிதிக்க வேண்டும். விரிசல் இல்லாமல் வளைந்தால் சரி. அன்று பள்ளிக்கூடம் முழுக்க மண் மோதிரங்கள் கிடந்தன.

ஒட்டும் இடத்தை ஈர்க்குச்சியால் கீறிவிட்டு, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி ஒட்டினால்தான் நிற்கும் என்பதும் அவர் சொன்னதுதான். இது தெரியாமல் நாங்கள் முதலில் ஒட்டிய குதிரைத் தலைகள் எல்லாம் காய்ந்ததும் கழன்று விழுந்திருந்தன. சீருடையில் மண் பட்டதற்கு ஒரு அம்மா வந்து சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து பழைய சட்டை கொண்டுவரச் சொன்னேன்.

இந்தப் பக்கம் அவன் அளவு எடுத்தான். கூட ஒரு துணை வேண்டும் என்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கரையின் நீளத்தைக் காலடியால் அளந்தார்கள்: 640 காலடிகள். பத்துக் காலடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டால் 64 அங்குலம், பலகை 72 அங்குலம். பொருந்தியது. பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, பலகை அளவுக்கே வரைபடம் போட்டான். மடை, கலுங்கு, கோயில் எல்லாம் அதில் இடம் குறித்திருந்தது. அதன் பிறகு மண் வேலை செய்யும் ஒவ்வொரு குழுவும் அவனிடம் வந்துதான் "மடை எங்க வரணும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்குள்ளே அந்தப் பட்டப்பெயர் என் காதில் மறுபடி விழவில்லை. வெளியே எப்படி என்பதற்கு நான் பொறுப்பாகச் சொல்ல முடியாது.

சூளை

நிழலில் பத்து நாளாவது காய வேண்டும் என்று கைவினைஞர் சொல்லியிருந்தார். போட்டித் தேதி நெருங்கியது. நான் ஐந்தாம் நாளே எடுத்தேன், அதிலும் கடைசி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். வைக்கோல் பரப்பிய ஷேர் ஆட்டோவில் 46 உருப்படிகளையும் அவர் ஊர்ச் சூளைக்குக் கொண்டுபோனோம். வேண்டாம் என்று அவர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். திரும்பி வந்தபோது 19 வெடித்தோ உடைந்தோ இருந்தன. பெரும்பாலும் குதிரைகள்.

பிள்ளைகள் உடைந்த துண்டுகளைச் சுற்றி நின்று, எது யாருடையது என்று தேடினார்கள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான். குனிந்து ஒரு குதிரைக் காலை எடுத்தான். ஜூலைக்குப் பிறகு அவன் மண்ணைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலக் கெட்டியா செஞ்சுட்டாங்க டீச்சர். உள்ள ஈரம் இருந்திருக்கும்" என்றான்.

அவன் சொன்னது சரி. கனமான மண்ணின் நடுவில் ஈரம் நின்றால், சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும். "இவன் சொன்னான்" என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கேட்டேன்: "நீ சொன்னேன்னு சொல்லாம, நான் சொல்றதா சொல்லட்டுமா?" கொஞ்ச நேரம் யோசித்தான். தலையாட்டினான். துண்டைக் கீழே வைத்தான். இந்த முறை கையைத் துடைக்கவில்லை.

இரண்டாம் சுற்றில், குதிரையின் காலை ஒரு குச்சியைச் சுற்றி உருட்டிச் செய்து, இறுகியதும் குச்சியை உருவி எடுத்தோம். வயிற்றையும் உள்ளே கூடாக்கினோம். நிழலில் பன்னிரண்டு நாள் காய்ந்தது. 22 உருப்படிகளில் 3 மட்டும் விரிசல் விட்டன.

அதன் பிறகு

போட்டியில் எங்கள் பள்ளிக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றுக் குதிரைகள் அதற்குள் சூளைக்கே போகவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் பலகையை நடுவில் வைத்தோம். வரைபடம் பக்கத்துச் சுவரில். அவன் அப்பாவும் வந்திருந்தார். குதிரைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரைபடத்துக்கு முன்னால்தான் வெகுநேரம் நின்றார். பிறகு கலுங்குக்குத் தெற்கே விரலை வைத்து, "இங்க ஒரு மடை இருந்துச்சு. தூந்துபோச்சு. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அதுல குளிப்போம்" என்றார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, எவ்வளவு அகலம், எந்த வயலுக்குத் தண்ணீர் போகும், யார் மூடியது என்று கேட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல, பையன் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் புள்ளிக் கோடு போட்டான். அங்கே நின்று பேசியவர் ஊரின் கண்மாயை அறிந்த ஒரு மனிதர். பானை செய்பவர் என்ற பேச்சு அன்று யார் வாயிலும் வரவில்லை.

அவன் கடைசி வரை மண்ணில் எதையும் செய்யவில்லை. 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

மறுபடி செய்தால்

செயல்திட்டத்துக்கான பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, விளையாட்டுத் திடலில் என்ன பெயர்கள் புழங்குகின்றன என்று தெரிந்துகொள்வேன். இது கலைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். ஆனால் மண், தோல், துணி, ஓலை, மூங்கில் என்று நம் ஊரில் கிடைக்கும் எந்தக் கைவினைப் பொருளும் யாரோ ஒருவரின் குலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தீப்பெட்டியும் ஜிகினாத் தாளும் வாங்கிச் செய்யும் பள்ளியில் இந்தச் சிக்கல் வராது. அதற்காக அவற்றுக்கே திரும்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. மண்ணை மிதித்த பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

எந்தப் பிள்ளையையும் வீட்டுத் தொழிலை வைத்து அறிமுகப்படுத்த மாட்டேன், பாராட்டுவதற்காகக்கூட. யார் எந்த வேலை செய்வது என்பதை எல்லார் முன்னிலையிலும் கேட்காமல், தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்குவேன். காய வைக்கும் நாளைப் போட்டித் தேதிக்காகக் குறைக்க மாட்டேன். மண் வேலையை ஜூனிலேயே தொடங்கி, அக்டோபர் மழைக்கு முன் சூளையை முடித்துவிட வேண்டும். கைவினைஞருக்கான ஊதியத்தை முதல் கூட்டத்திலேயே குழுவின் தீர்மானத்தில் எழுதிவிடுவேன்.

அவன் தங்கை 2026 ஜூனில் நான்காம் வகுப்புக்கு, என் வகுப்புக்கு வருவாள். மண் மிதித்த அன்று கூப்பிடாமலேயே ஓடிவந்து ஏறியவர்களில் அவளும் ஒருத்தி. வராண்டா ஓரத்தில் உட்கார்ந்து அவள் செய்த சின்னக் குதிரை ஒன்று, சுடாமல், இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி அவள் அப்பாவிடம் நான் இன்னும் பேசவில்லை. பள்ளி திறப்பதற்கு முன்பே பேச வேண்டும், அவளிடம் கேட்டுவிட்டு.